வெயிலில் வந்த பனிப்புயல்

இந்த வசந்தத்தில் மலை திறக்காது என்று அறிவிப்பாளர் முடிவு செய்துவிட்டார். மலையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல் துலக்கிக்கொண்டே குளியலறை ஜன்னல் வழியாக அதை ஒருமுறை முறைத்தார். மலை எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் வேலையே அதுதான். மலையடிவாரத் தெருவில் கடைசி வீடு அவருடையது. முன்னறைதான் அலுவலகம். அங்கே ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு தொலைபேசி, அதோடு ஒட்டிய ஒரு பதிவுப் பெட்டி. தினமும் காலையில் சிவப்புப் பொத்தானை அழுத்தி, "வணக்கம், மலைப்பாதை நிலவரம்" என்று தொடங்கி, உச்சிக்குப் போகிற பாதையில் பனி எப்படி, சேறு எப்படி, காற்று எப்படி என்று பேச வேண்டும். மலையேற நினைப்பவர்கள் அந்த எண்ணுக்குப் போன் போட்டு, அவர் குரலைக் கேட்டுவிட்டுத்தான் காலணியைத் தேடுவார்கள். நல்ல கனத்த குரல். இப்போதுதான் உச்சியிலிருந்து இறங்கி, தோளில் இருந்த பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து பேசுகிறார் என்றே கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

உண்மையில் அவர் அந்தப் பாதையில் முதல் பெஞ்சைத் தாண்டியதே கிடையாது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் அதுவரை போனார். உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். திரும்பிவிட்டார். அன்றிலிருந்து குளியலறை ஜன்னலும் ஒரு பைனாகுலரும் வைத்துத்தான் காலம் ஓடுகிறது. பின்பக்கத்தில் மழை அளக்கும் கண்ணாடிக் குடுவை ஒன்று உண்டு. அதற்கு நேர் மேலே துணி காயப்போடும் கொடி. அவர் மனைவி போர்வை துவைத்த நாளெல்லாம் ஊரில் கனமழை பதிவாகும்.

இது வெளியே தெரிந்தால் வேலை போகும். ஆனால் பெரிய ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தது. கல்யாணமான புதிதில் மனைவியிடம், "ஞாயித்துக்கிழமை ஆனா உச்சிக்குப் போயிட்டு வந்தாத்தான் எனக்குக் காபியே இறங்கும்" என்று அளந்துவிட்டிருந்தார். புது மாப்பிள்ளை, எதையாவது அளக்கத்தானே வேண்டும்? அன்று பிடித்தது வினை. அவளும் வருஷா வருஷம் கேட்கிறாள், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று.

அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். பயம் வந்துவிட்டால் அறிவிப்பாளரும் அப்படியே கூப்பிடுவார். குரலை உயர்த்த மாட்டாள். சிரிப்பு மாறாது. அடம் பிடிக்கிற பிள்ளையிடம் அவள் வாதாடி யாரும் பார்த்ததில்லை. ஆனால் மணி அடிக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் கை கழுவியிருக்கும்.

"என்னங்க, இந்த வருஷமாவது போலாமா?" என்று ஆரம்பித்தாள்.

"பாதை சரியாகட்டும்மா."

"எப்ப சரியாகும்?"

"அது இயற்கை கையில இருக்கு."

"போன்ல சொல்றது நீங்கதானே?"

"சொல்றதுதான் நான். செய்யறது இயற்கை."

"சரி."

"அவ்வளவு ஆசையா இருந்தா உன் பள்ளிக்கூடத்துத் தோழிகளோட போயிட்டு வாயேன். நான் என்ன கையைப் பிடிச்சா இழுத்தேன்?"

"அப்படிப் போறதா இருந்தா எப்பவோ போயிருப்பேங்க. எனக்கு அந்த உச்சியில உங்களோட நிக்கணும். அவ்வளவுதான். பாதை நல்லா இருக்குன்னு என்னிக்கு நீங்க வாயால சொல்றீங்களோ, மறுநாள் காலையில நாம ரெண்டு பேரும் கிளம்பறோம். சரியா?"

இப்படிக் கேட்டால் எந்தப் புருஷன் முடியாது என்பான்? "சரி" என்றார். சொன்ன சூட்டோடு மனசுக்குள் சபதம் எடுத்துக்கொண்டார். இனி இந்த மலையில் பாதை என்பது நன்றாகவே இருக்காது.

முதலில் சில நாள் உண்மைக்குப் பக்கத்திலேயே நடமாடினார். "நிழல் விழும் இடங்களில் பனி இறுகிக் கிடக்கிறது. வெயில் படும் இடங்களில் முழங்கால் வரை சேறு." வசந்தத்தில் எந்த மலையிலும் இருப்பதுதான். ஆனால் பாழாய்ப்போன வெயில் நாளுக்கு நாள் ஏறியது. பனி உருகியது, சேறு காய்ந்தது. பைனாகுலர் இல்லாமலே பாதை பளிச்சென்று தெரிந்தது. அறிவிப்பாளர் மனம் தளரவில்லை. பனி போனால் போகட்டும், வாய் எங்கே போயிற்று?

"மூன்றாம் வளைவில் மரம் விழுந்து கிடக்கிறது" என்றார். மறுநாள் அதன் மேல் இன்னொரு மரத்தைச் சாய்த்தார். அதற்கடுத்து, "தேனீக்கள் கூடு மாற்றுகின்றன. அவற்றுக்குள் கருத்து வேறுபாடு நிலவுகிறது. யாரும் குறுக்கே போக வேண்டாம்" என்றார். அதற்கும் பிறகு வந்ததுதான் பாறை. "பாதையோரம் ஒரு பாறை. இன்னும் உருளவில்லை. ஆனால் உருளும் எண்ணத்தில் இருப்பதாகத் தெரிகிறது."

ஊரில் பாறை பிரபலமாகிவிட்டது. மலையேறும் உத்தேசமே இல்லாதவர்கள்கூடப் பாறையை விசாரிக்கப் போன் போட்டார்கள். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். அவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"சார், அந்தப் பாறை?"

"எந்தப் பாறை?"

"எண்ணத்துல இருக்கே, அது."

"இன்னும் முடிவெடுக்கல."

"உருண்டா நேரா என் வீட்டுக்குத்தானே சார் வரும்? பயந்து போய்க் கட்டிலை மாத்திப் போட்டுட்டேன்."

"அவ்வளவு தூரமெல்லாம் வராதுங்க."

"வராதுன்னு எப்படிச் சொல்றீங்க? பக்கத்துல போய்ப் பார்த்தீங்களா?"

"பார்க்காமலா சொல்றேன்? தொட்டே பார்த்தேன்."

"உருளப்போற பாறையையா? பெரிய ஆளு சார் நீங்க" என்று டிரைவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அறிவிப்பாளருக்கே தன் தைரியத்தை நினைத்து மெய் சிலிர்த்தது.

தெரு நம்பியது. மேலிடம் நம்பவில்லை. நகரத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி அம்மாள் போன் செய்தார்.

"சுத்துவட்டாரத்துல எல்லா மலையிலயும் ஜனங்க ஏறி இறங்கிட்டு இருக்காங்க. உங்க மலையில மட்டும் குளிர்காலம் என்ன குடித்தனம் பண்ணுதா?"

"இந்த மலையோட சுபாவம் அப்படி, மேடம்."

"இந்த வாரக் கடைசிக்குள்ள நல்ல சேதி வரல, நானே நேர்ல வந்து அந்தத் தேனீக்களோட பேசிக்கறேன்."

அன்று சாயங்காலம் மனிதர் சாப்பாட்டு மேஜையில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். டீச்சர் எதிரே உட்கார்ந்து, வகுப்புக்காகக் காகிதத்தில் பூ வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பாதை இன்னும் சரியில்லையாங்க?"

"எங்க? சேறு."

"பூட்ஸ் போட்டுக்கலாம்."

"மரம் விழுந்து கிடக்கு."

"குனிஞ்சு போலாம்."

"ரெண்டு மரம்!"

"ரெண்டு தரம் குனியலாம்."

"தேனீ இருக்கேம்மா!"

"அதுங்க கொஞ்ச நேரம் கத்தும், அப்புறம் தூங்கிடும். நான் தினம் பார்க்கிறதுதானே?"

"பாறை?"

"அதுக்கு ஒரு பேர் வெச்சுடறேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா எதுவும் சொன்ன பேச்சு கேட்கும்."

அறிவிப்பாளர் மேஜையில் தட்டினார். "உனக்கு எதுதான் பயம்?"

டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "பனிப்புயல்தாங்க. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குக் குலை நடுங்கும். பனிப்புயல்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா வாசப்படி தாண்ட மாட்டேன். ஆனா இந்த வெயில்ல ஏது புயல்? விடுங்க. நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு. காலையில நானே மேல போய், பாதை எப்படித்தான் இருக்குன்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

"நீயா?"

"முதல்ல பாறையைப் பார்க்கணும்."

அறிவிப்பாளர் மனசுக்குள் அவள் பின்னாலேயே ஏறிப் பார்த்தார். மேலே போனால் மரம் இருக்காது. தேனீ இருக்காது. பாறைகள் இருக்கும், ஆனால் எந்தப் பாறைக்கும் எந்த எண்ணமும் இருக்காது. இத்தனை வருஷத்து வண்டவாளமும் ஒரே நாளில் வெளியே வந்துவிடும். இதையெல்லாம் நினைத்து அவர் கலங்கிக்கொண்டிருந்தபோதே, அவள் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் இனிப்பாக நாக்கில் ஒட்டிக்கொண்டது. அசட்டுப் பெண், தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாளே என்று உள்ளூர அவளுக்காகப் பரிதாபப்படவும் செய்தார்.

காலையில் வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. சமையலறையில் டீச்சர் ஏதோ பாடிக்கொண்டே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். அறிவிப்பாளர் முன்னறைக் கதவைச் சாத்தினார். வெயில் கண்ணில் பட்டால் மனசாட்சி உறுத்தும் என்று ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார். சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

"வணக்கம். மலைப்பாதை நிலவரம். கடும் பனிப்புயல் எச்சரிக்கை! உச்சியில் பனிப்புயல் மையம் கொண்டிருக்கிறது. யாரும் வாசற்படி தாண்ட வேண்டாம். மீண்டும் சொல்கிறேன், வாசற்படி." பின்னணிக்கு அவரே வாயைக் குவித்து ஊஊ என்று காற்றடித்தார். செய்தித்தாளைக் கசக்கிப் பனி விழ வைத்தார். பதிவானதைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது அவருக்கே குளிரெடுத்தது. எழுந்து போய் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வந்து, இன்னும் இரண்டு தரம் ரசித்துக் கேட்டார்.

வெற்றி வீரராக வெளியே வந்தார். சமையலறை காலி. அடுப்பு அணைந்திருந்தது. போர்வைக்குள் சுருண்டிருப்பாள் என்று படுக்கையறைக்குப் போனார். போர்வை மடித்து வைத்திருந்தது.

"டீச்சர்?"

போன் மணி அடித்தது. மேலதிகாரி அம்மாள்.

"கேட்டேன், கேட்டேன். எனக்கே நடுக்கம் எடுத்துடுச்சு. சரி, எப்ப கிளம்பறீங்க?"

"எங்க மேடம்?"

"மேலதான். புயல் எச்சரிக்கை கொடுத்தா, கொடுத்த ஆளே உச்சி வரைக்கும் ஏறிப் பார்த்து, யாராவது மாட்டியிருந்தா கூட்டிட்டு வரணும். அதுதானே விதி? குளிர்காலத்துல கேட்டைப் பூட்டிடறோம், அதனால உங்களுக்கு இதுவரைக்கும் அந்த வேலை வரல. வசந்தத்துல புயல் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"பாதையில யாருமே இல்லை, மேடம்."

"இருந்தாலும் போய்ப் பார்க்கணும். இதே விதியை உங்க வீட்டம்மாவும் போன வாரம் போன் போட்டு விசாரிச்சாங்க. உங்க மேல என்ன அக்கறை அவங்களுக்கு! கொடுத்து வெச்சவர் சார் நீங்க."

கொடுத்து வைத்தவர் இதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. வாசல் கதவை யாரோ உடைத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர்தான்.

"சார்! டீச்சர் மேல போறாங்க சார்! பையை மாட்டிக்கிட்டு, எனக்குக் கையை வேற ஆட்டிட்டுப் போறாங்க! புயல் அடிக்குது சார்!"

போனுக்குள்ளிருந்து மேலதிகாரி அம்மாள் அலறினார். "உங்க மனைவியா? ஐயோ, ஓடுங்க!"

அறிவிப்பைக் கேட்காமலேயே கிளம்பிவிட்டாளே பாவி என்று அறிவிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். புயல் பொய் என்று சொன்னால் வேலை காலி. மெய் என்றால் மலை ஏற வேண்டும். அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. பீரோவில் பிரிக்காமல் கிடந்த புயல் உடையை யாரோ எடுத்து வந்தார்கள். ஆரஞ்சு நிறம். தலையை மூடுகிற தொப்பி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ், தோளில் கயிறு, முதுகில் மண்வெட்டி. அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த ஒல்லி மனிதருக்குத் தைத்தது. ஸ்வெட்டரோடு சேர்த்து அவரை அதற்குள் திணித்து, டிரைவர் முழங்காலை வைத்து அழுத்தி ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தார். அங்கே அது சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"ஏன் சார், வெயில் சுள்ளுனு அடிக்குதே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"புயலுக்கு முன்னாடி அப்படித்தான் அடிக்கும்."

"எதுவரைக்கும் அடிக்கும்?"

"புயல் வர்ற வரைக்கும்."

கூட்டம் மரியாதையோடு விலகி வழி விட்டது.

டிரைவர் விசிலோடு பின்னாலேயே வந்தார். ஏற்றத்தில், "ரெண்டாவது கியர்ல போங்க சார்" என்று முதுகைத் தள்ளினார். முதல் பெஞ்ச் வந்தது. அறிவிப்பாளர் பழக்க தோஷத்தில் உட்கார்ந்தார். டிரைவரும் உட்கார்ந்தார். மூச்சு திரும்பியதும் டிரைவர், "என் வண்டி இதுக்கு மேல ஏறாது சார். நீங்க போய் டீச்சரைக் கூட்டிட்டு வாங்க. பாறை உருண்டு வந்தா நான் இங்கயே நிறுத்தி வைக்கிறேன்" என்றார்.

பெஞ்சுக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளருக்குப் புது உலகம். கொஞ்ச தூரத்திலேயே பாதை இரண்டாகப் பிரிந்தது. அனுபவசாலியின் கம்பீரத்தோடு இடது பக்கம் திரும்பினார். அது ஒரு கழிப்பறையில் போய் முடிந்தது. திரும்பி வந்து பார்த்தால், வலது பக்கம் 'உச்சிக்கு' என்று அம்புக்குறி போட்ட பலகை நின்றது. அவருடைய அலுவலகம் வைத்த பலகைதான்.

பாதை காய்ந்து சுத்தமாக இருந்தது. மேலே உருகிய பனி ஓரமாக வாய்க்காலாக ஓடியது. கரையெல்லாம் குட்டிக் குட்டி மஞ்சள் பூ. மூன்றாம் வளைவில் ஒரு மரமும் விழவில்லை. ஒரே ஒரு தேனீ வந்தது. ஆரஞ்சு உடையைப் பார்த்துப் பெரிய பூ என்று நினைத்திருக்கும். ஒரு சுற்று சுற்றி ஏமாந்து போயிற்று. உடைக்குள் அறிவிப்பாளர் இட்டலிப் பானைக்குள் இருப்பது போல் வெந்துகொண்டிருந்தார்.

எதிரே ஒரு வயசான தம்பதி ஓலைத் தொப்பியும் செருப்புமாக ஜாலியாக இறங்கி வந்தார்கள்.

"நில்லுங்க! பனிப்புயல்!" என்று கத்தினார்.

அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க?"

"மேல! போன்ல நிலவரம் கேட்கலையா நீங்க?"

"நாங்க போனெல்லாம் போடறதில்லைங்க. தலையைத் தூக்கிப் பார்ப்போம்" என்றார் பெரியவர்.

"ஒரு அம்மா மேல போறதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தோமே. பாட்டுப் பாடிக்கிட்டே போச்சு" என்றாள் அந்த அம்மாள். பிறகு அவருடைய மண்வெட்டியைப் பார்த்து, "எதையாவது புதைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

அறிவிப்பாளர் தோளில் கயிற்றை இறுக்கிக்கொண்டார். ஏறினார். மரங்கள் முடிந்து கல்லும் காற்றுமான இடம் வந்தது. அங்கே நிழலில் ஒரு சரிவில் மட்டும் பனி உருகாமல் பாதையை மறித்துக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு நீளமான தடம் மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு போயிருந்தது. யாரோ விழுந்த தடம்.

அறிவிப்பாளர் அப்படியே நின்றுவிட்டார். "டீச்சர்!" என்று கத்தினார். பதில் இல்லை. இத்தனை நாள் வாயால் உருட்டின பாறையும் சாய்த்த மரமும் சேர்ந்து நெஞ்சின் மேல் விழுந்தது போல் இருந்தது. பாதை நல்லா இருக்கு, வா போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பாளே. பெரிய கண்ணாடிக்குள் கண்ணீர் முட்டி எதுவும் தெரியவில்லை. அவள் இல்லாத அந்த வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். தாங்கவில்லை. வேலையும் வேண்டாம், மானமும் வேண்டாம், அவள் கிடைத்தால் போதும் என்று நாலு காலில் தவழ்ந்து அந்தச் சரிவைக் கடந்தார். பிறகு நடந்தாரா ஓடினாரா என்று அவருக்கே தெரியாது. ஏற்றம் முடிந்தது. அதற்கு மேல் ஏற மலை இல்லை.

டீச்சர் ஒரு பாறை மேல் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரொட்டி, அவித்த முட்டை, பிளாஸ்க், இரண்டு டம்ளர்.

"வாங்க, வாங்க. காபி ஆறிடப்போகுதேன்னு பார்த்துட்டே இருக்கேன்."

அவர் கழுத்தைக் காட்டினார். டீச்சர் எழுந்து வந்து ஜிப்பைப் பார்த்தாள். கொஞ்சம் மேலே தள்ளி, உள்ளே மாட்டியிருந்த ஸ்வெட்டர் நூலை விடுவித்து, சர்ரென்று இறக்கினாள். வகுப்பு முழுக்க தினமும் ஜிப் போட்டுவிடுகிற கை அது. உள்ளேயிருந்து ஆவி பறந்தது.

"அந்தப் பனியில சறுக்கின தடம்..." என்று இழுத்தார்.

"நான்தாங்க. பார்த்ததும் ஆசையா இருந்தது. துண்டைக் கீழ போட்டு, அது மேல உட்கார்ந்து ஒரு தரம் சறுக்கிட்டு வந்தேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் மலைக்குப் பின்னால் மலையாக வெயிலில் மினுங்கியது. இத்தனை வருஷம் இதைக் குளியலறை ஜன்னலில் தேடியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த மனிதருக்குக் காபி உள்ளே போனதும் கோபமும் வந்துவிட்டது.

"புயல்னு கேட்டா வாசப்படி தாண்ட மாட்டேன்னு நேத்து நீதானே சொன்னே? காலையில அவ்வளவு கத்திப் பேசினேனே, பனிப்புயல்னு! அதை நீ கேட்கவே இல்லையா?"

டீச்சர் ஒரு முட்டையை உரித்து அவர் கையில் வைத்தாள்.

"கேட்டேனே. அதைக் கேட்டப்புறம்தானேங்க கிளம்பினேன்."